நாய்கள் இழுக்கும் 1,600 கிலோமீட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு மார்ச் மாதமும் முதல் இரண்டு வாரங்களுக்கு அலாஸ்கா வரைபடத்தின் மேல் ஊர்ந்து செல்லும் சில புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மனிதர், ஒரு ஸ்லெட் (பனியில் சறுக்கும் வண்டி), பதினாறு நாய்கள் வரை. ஐடிட்டராட் என்னும் நெடுந்தூர ஸ்லெட் நாய்ப் பந்தயம் அது. புள்ளிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். எளிய கேள்விகள் முதலில். சண்டையில் முடியும் கேள்விகள் பின்னால்.

“மொத்தம் எவ்வளவு தூரம்? ஒரே நாளில் முடிந்துவிடுமா?”

ஒரே நாளில் முடியும் குறும்பந்தயங்களும் உண்டு. அவை வேறு கதை. ஐடிட்டராட் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். மார்ச் முதல் சனிக்கிழமை ஆங்கரேஜ் நகரத் தெருக்களில் கூட்டம் கைதட்ட நாய்கள் ஓடுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது வெறும் ஊர்வலம்தான். கடிகாரம் ஓடத் தொடங்குவது மறுநாள், வடக்கே வில்லோ என்ற இடத்தில். அங்கிருந்து அலாஸ்கா மலைத்தொடரை ரெய்னி கணவாய் வழியே கடந்து, உறைந்த யூகான் ஆற்றின் மேல் பல நாள் ஓடி, நார்ட்டன் வளைகுடாவின் கரையையும் உறைந்த கடற்பரப்பையும் தொட்டுக்கொண்டு, பேரிங் கடலோரம் உள்ள நோம் நகரில் முடிகிறது. நடுவில் இருபதுக்கும் மேற்பட்ட சாவடிகள். இரட்டைப்படை ஆண்டுகளில் வடக்குத் தடம், ஒற்றைப்படை ஆண்டுகளில் தெற்குத் தடம். தெற்குத் தடத்தில்தான் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த ஐடிட்டராட் என்ற ஊர் இருக்கிறது; தங்கம் தேடி வந்தவர்கள் எழுப்பி, தங்கம் தீர்ந்ததும் கைவிட்டுப்போன ஊர்.

1973-இல் நடந்த முதல் பந்தயத்தில் வென்ற டிக் வில்மார்த்துக்கு 20 நாட்கள் ஆயின. கடைசியாக வந்தவருக்கு 32 நாட்கள். இப்போது முன்னணியில் இருப்பவர்கள் ஒன்பது, ஒன்பதரை நாட்களில் முடித்துவிடுகிறார்கள். 2017-இல் மிட்ச் சீவி 8 நாள் 3 மணி 40 நிமிடத்தில் நோமைத் தொட்டார். அந்த ஆண்டு மலைத்தொடரைத் தவிர்த்துப் பெரும்பகுதி ஆறுகள் வழியே தடம் போனது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். அப்போது அவருக்கு வயது 57 என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

“பால்ட்டோ என்ற நாய் மருந்து கொண்டுபோனதே, அதன் நினைவாகத்தானே இந்தப் பந்தயம்?”

பாதி சரி. 1925 ஜனவரியில் நோமில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. மருந்தை நெனானா வரை ரயிலில் கொண்டுவந்தார்கள். அதற்கு மேல் 1,085 கிலோமீட்டர் தூரத்தை 20 ஓட்டிகளும் ஏறக்குறைய 150 நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி ஐந்தரை நாட்களில் கடந்தார்கள். கடைசிக் கட்டத்தை ஓட்டி ஊருக்குள் நுழைந்தவர் கன்னர் காசன். அவருடைய அணிக்கு முன்னால் ஓடி வழி எடுத்த நாய், அதாவது முன்நாய், பால்ட்டோ. வாசலில் வந்து நின்றவருக்குத்தானே மாலை? அதே ஆண்டு நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் பால்ட்டோவுக்குச் சிலையே வைத்துவிட்டார்கள். உண்மையில் மிக நீண்ட, மிக ஆபத்தான கட்டத்தை, நார்ட்டன் வளைகுடாவின் உறைந்த கடல் மேல் ஓடிக் கடந்தது லெயன்ஹார்ட் செப்பாலாவின் முன்நாய் டோகோ. அதற்கு அப்போது வயது 12. டோகோவுக்காக வாதாடுவது இந்தப் பந்தய ரசிகர்களின் பொழுதுபோக்குகளில் ஒன்று, நானும் விலக்கல்ல.

பந்தயத்தின் காரணம் வேறு. 1960-களில் பனியில் ஓடும் இயந்திர வண்டியான ஸ்னோமொபைல் வந்ததும் அலாஸ்காவின் சிற்றூர்களில் நாய்க்கூடங்கள் காலியாகத் தொடங்கின. நாய்களும், அவை அஞ்சல் சுமந்து ஓடிய பழைய தடமும் சேர்ந்தே அழிந்துவிடும் என்று கவலைப்பட்டவர் ஜோ ரெடிங்டன். அந்தக் கவலைதான் பந்தயமாக மாறியது. 2023-இல் அவருடைய பேரன் ரயன் ரெடிங்டன் அதே பந்தயத்தை வென்றார்.

“எல்லாம் நீலக் கண் சைபீரியன் ஹஸ்கிகள்தானே?”

பெரும்பாலும் இல்லை. படத்தில் அழகாக இருப்பது ஒன்று, பந்தயத்தில் ஓடுவது வேறொன்று. ஓடுபவற்றில் மிகப் பெரும்பாலானவை அலாஸ்கன் ஹஸ்கி. அது எந்த நாய்ச் சங்கமும் அங்கீகரித்த இனம் அன்று. ஊர் நாய்களோடு வேட்டை நாய்களும் இன்னும் பலவும் கலந்து, ‘நன்றாக ஓடுகிறதா, நன்றாகச் சாப்பிடுகிறதா, பாதம் கெட்டியா’ என்ற மூன்றே கேள்விகளால் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கலப்பு. எடை 20 முதல் 25 கிலோ. முதன்முறை பார்ப்பவர்கள் ‘இந்த ஒல்லி நாயா?’ என்று ஏமாறுவார்கள். தூய சைபீரியன் அணிகளும் ஓடி முடிக்கத்தான் செய்கின்றன. ஆனால் முன்வரிசையில் அவற்றைக் காண்பது அரிது.

“கடிவாளம் இல்லை, ஸ்டியரிங் இல்லை. எப்படித் திருப்புகிறார்கள்?”

குரலால். ‘ஜீ’ என்றால் வலம், ‘ஹா’ என்றால் இடம். கிளம்ப ‘ஹைக்’, நிற்க ‘வோ’. எதையும் முகர்ந்து பார்க்காமல் தாண்டிப் போ என்பதற்கு ‘ஆன் பை’. எல்லோரும் நினைப்பதுபோல் ‘மஷ்’ என்று யாரும் கத்துவதில்லை. ஆனால் ஓட்டிக்கு மட்டும் மஷர் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

நாய்கள் ஒரு நடுக்கயிற்றின் இருபுறமும் இணையாகக் கட்டப்படுகின்றன. முன்னால் ஓடும் ஒன்றோ இரண்டோ முன்நாய்கள். சொல்லைக் கேட்டு வழி எடுப்பவை அவைதான். அடுத்த இணை அந்தத் திருப்பத்தை அணி முழுவதற்கும் கடத்துகிறது. ஸ்லெட்டுக்கு நேர் முன்னால் இருக்கும் கடைசி இணை பலசாலிகள்; வளைவில் ஸ்லெட் மரத்தில் மோதாமல் இழுத்துப் பிடிப்பது அவற்றின் வேலை. நல்ல முன்நாய் வெறுமனே கீழ்ப்படியும் நாய் அன்று. ஓட்டி ‘ஜீ’ என்று கத்தினாலும் அந்தப் பக்கம் பனிக்கட்டி மெலிந்திருந்தால் திரும்ப மறுக்கும். ஓட்டிகள் கதை சொல்ல உட்கார்ந்தால் பாதிக் கதைகள் இந்த மறுப்பைப் பற்றியவைதான்.

“மைனஸ் 40 டிகிரியில் நாய்களுக்குக் குளிராதா?”

அவற்றுக்குத் தொல்லை வெயில்தான். இரட்டை அடுக்கு ரோமத்தோடு ஓடும் நாய், உடலில் உண்டாகும் வெப்பத்தை வெளியேற்றத்தான் பாடுபடுகிறது. வெப்பநிலை பூஜ்யத்தைத் தொட்டால் ஓட்டிகள் பகல் ஓட்டத்தைத் தவிர்த்து இரவுக்குக் காத்திருப்பார்கள். மைனஸ் 20-ஐ ஒட்டிய குளிரில் நாய்கள் உற்சாகமாக ஓடும்.

ஓடாமல் படுத்திருக்கும்போது நிலைமை மாறும். அதனால் சாவடிகளில் வைக்கோல் போட்டுப் படுக்க வைக்கிறார்கள். காற்று அடித்தால் மேலங்கியும் போர்த்துவார்கள். ரோமம் குறைந்த அடிவயிற்றுப் பகுதிக்குத் தனிக் காப்பும் உண்டு. நாய் வாலை மூக்கின் மேல் போட்டுச் சுருண்டு, மேலே பனி விழுந்து மூடினாலும் அசையாமல் தூங்கும்.

“அவ்வளவு தூரம் ஓட என்ன சாப்பிடும்?”

பந்தய நாட்களில் ஒரு நாய்க்கு ஒரு நாளைக்கு 10,000 கலோரிக்கு மேல் தேவைப்படுகிறது. இருபது சொச்சம் கிலோ எடையுள்ள உடம்பு அது என்பதை மறக்க வேண்டாம். அரிசியும் மாவும் கொடுத்து இந்தக் கணக்கைச் சரிக்கட்ட முடியாது; கொழுப்பு வேண்டும். மாட்டிறைச்சி, சால்மன், கொழுப்புத் துண்டுகள், அடர்த்தியான உலர்தீவனம் எல்லாம் பந்தயத்துக்கு முன்பே மூட்டை கட்டப்பட்டு, சிறு விமானங்களில் ஒவ்வொரு சாவடிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். குளிரில் நாய்கள் வெறும் தண்ணீரை முகர்ந்துகூடப் பார்க்காது. ஆகவே ஓட்டி பனியை உருக்கி, அதில் இறைச்சியைக் கரைத்து, ரசம்போல் கொடுத்து ஏமாற்றிக் குடிக்க வைக்கிறார்.

ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் டேவிஸ் பல ஆண்டுகள் இந்த நாய்களை ஆராய்ந்தவர். முதல் ஓரிரு நாட்களில் எந்த விலங்கையும்போல இவற்றின் தசைகளிலும் சேமித்த சர்க்கரை கரைகிறது. அதற்குப் பிறகு, ஓட்டம் அதே அளவில் தொடர்ந்தும், அந்தக் கரைதல் நின்றுவிடுகிறது. மனிதன் ஒவ்வொரு நாளும் மேலும் தளர்கிறான். நாய் நான்காம் நாள் தன் பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத விஷயம் இது.

“நாய்க்கு எதற்குச் செருப்பு?”

செருப்பு இல்லை, துணிக் காலுறை. பாதம் குளிரில் விறைக்கும் என்பதற்காக அன்று. நாய்ப் பாதத்தில் ரத்த ஓட்டமே வெப்பத்தைத் தக்கவைக்கும்படி அமைந்திருக்கிறது. விரலிடுக்கில் பனி உருண்டையாகத் திரண்டு புண்ணாக்கும். கடுங்குளிரில் பனித்துகள் மணல்போல் உராயும். இரண்டையும் தடுக்கத்தான் காலுறை. ஒரு நாய்க்கு நான்கு, பதினாறு நாய்க்கு 64. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழற்றி, பாதத்தை விரல் விரலாகப் பார்த்து, களிம்பு தடவி, புறப்படும்போது மறுபடி மாட்ட வேண்டும். பந்தயம் முடிவதற்குள் ஓர் அணி ஆயிரத்துக்கும் மேற்பட்ட காலுறைகளைத் தேய்த்துவிடும். தடிமனான கையுறையோடு அந்தச் சிறு பட்டையை ஒட்ட முடியாது. ஓட்டிகளின் விரல் நுனிகள் எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

“ஓடுவது நாய். பின்னால் நிற்பவருக்கு என்ன கஷ்டம்?”

மேலே சொன்ன சமையலையும் காலுறையையும் கூட்டிப் பாருங்கள். சாவடிக்கு வந்ததும் நாய்கள் படுத்துவிடும். ஓட்டியின் பணி அப்போதுதான் ஆரம்பம். வைக்கோல் பரப்ப வேண்டும், அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், பனியை உருக்க வேண்டும், பதினாறு வாய்க்குப் பரிமாற வேண்டும், 64 பாதங்களைப் பார்க்க வேண்டும், வீங்கிய மணிக்கட்டைப் பிடித்துவிட வேண்டும், கால்நடை மருத்துவரிடம் ஒவ்வொரு நாயின் நிலையையும் பேச வேண்டும். எல்லாம் முடிந்து நிமிரும்போது ஆறு மணி நேர ஓய்வில் மூன்றரை போயிருக்கும். ஓடும்போதும் சும்மா நிற்பதில்லை: மேட்டில் இறங்கித் தள்ளுவார், சமவெளியில் ஒற்றைக் காலால் உந்துவார், பள்ளத்தில் பிரேக்கின் மேல் ஏறி நிற்பார்.

விழுந்தால் ஸ்லெட்டை விடவே கூடாது. ஓட்டி விழுந்துவிட்டார் என்று நாய்கள் காத்திருக்காது. எடை குறைந்த மகிழ்ச்சியில் இன்னும் வேகமாக ஓடும். பிறகு இருட்டில் தன் அணியைத் தேடி நடக்க வேண்டியதுதான்.

“தூக்கமே இல்லாமல் எப்படி?”

ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். நான்காம், ஐந்தாம் நாள் வாக்கில் இல்லாதவை கண்ணில் படத் தொடங்கும். இல்லாத கிளைக்குக் குனிந்தவர்களும் உண்டு, ஆளற்ற ஆற்றின் மேல் வீடுகளையும் மனிதர்களையும் கண்டவர்களும் உண்டு. ஸ்லெட்டில் நின்றபடியே உறங்கிக் கீழே விழுவது சாதாரணம். இதை வீரம் என்று சிலர் ரசிக்கிறார்கள். எனக்கு இது இந்தப் பந்தயத்தின் மிகப் பெரிய ஆபத்தாகவே படுகிறது. தூங்காத மூளைதான் ‘இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டிவிடலாம்’ என்று முடிவெடுக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தின் விலையை நாய்கள் கொடுக்கின்றன.

“ஓய்வு கட்டாயமா? ஓய்வெடுக்காமல் ஓட்டினால் ஜெயிக்கலாமே?”

மூன்று ஓய்வுகள் கட்டாயம்: ஏதாவது ஒரு சாவடியில் 24 மணி நேரம், யூகான் ஆற்றங்கரையில் 8 மணி நேரம், நோமுக்கு முன்னால் ஒயிட் மவுண்டனில் 8 மணி நேரம். ஆனால் விதி இல்லாவிட்டாலும் ஓய்வில்லாமல் வெல்ல முடியாது. நல்ல ஓட்டிகள் ஆறு மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட அதே அளவு நிறுத்துகிறார்கள். வேகம் மணிக்கு 13 முதல் 16 கிலோமீட்டர்தான். யாரும் யாரையும் பெரிதாக வேகத்தால் மிஞ்சுவதில்லை. பத்தாம் நாளும் அதே வேகத்தில் ஓட யாருடைய நாய்கள் மிச்சமிருக்கின்றன என்பதுதான் கேள்வி. நான் பார்த்த வரையில் இந்தப் பந்தயம் வைக்கோல் மேல் ஜெயிக்கப்படுகிறது. தடத்தின் மேல் அன்று. புள்ளிகளைப் பின்தொடர்பவர்களுக்கு ஒரு யோசனை: யார் முன்னால் இருக்கிறார் என்று பார்க்காதீர்கள், யார் இன்னும் எவ்வளவு ஓய்வு எடுக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கிடுங்கள்.

அந்தக் கணக்கையும் காற்று கலைத்துவிடும். 2014-இல் நோமை நெருங்கியபோது முதலில் இருந்தவர் ஜெஃப் கிங். புயற்காற்று அவர் அணியைத் தடத்திலிருந்து தூக்கியடிக்க, அவர் பந்தயத்தையே விட வேண்டியதாயிற்று. இரண்டாவதாக இருந்த அலி ஜெர்க்கில், நோமுக்கு முந்தைய சாவடியான சேஃப்டியில் ஒதுங்கிக் காத்திருந்தார். மூன்றாவதாக வந்த டாலஸ் சீவி சாவடியில் நிற்காமல் ஓட்டிக்கொண்டே போனார். பின்னால் தெரிந்த விளக்கைத் தன் அப்பா மிட்சினுடையது என்று நினைத்து, மூன்றாம் இடத்தை விட்டுவிடக் கூடாதே என்று ஓடினார். அது ஜெர்க்கிலின் விளக்கு. நோமில் வந்து நின்ற பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தான் வென்றது அவருக்குத் தெரிந்தது. இடைவெளி இரண்டு நிமிடம் சொச்சம்.

“நாய்களை அடித்துத்தானே ஓட வைக்கிறார்கள்?”

சாட்டை எதுவும் இல்லை; கொடுமைப்படுத்தினால் விலக்குவதற்கு விதியும் இருக்கிறது. ஆனால் விதியைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு: பதினாறு நாய்கள் ஓட மறுத்தால் ஒரு மனிதனால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. 2019-இல் நிக்கோலா பெட்டி பல மணி நேர முன்னிலையோடு கடலோரச் சாவடியான ஷாக்டூலிக்கைத் தாண்டியிருந்தார். ஒரு நாய் இன்னொன்றைத் தொல்லை செய்தது, அவர் அதட்டினார். அவ்வளவுதான், அணி முழுவதும் உட்கார்ந்துவிட்டது. முந்தைய ஆண்டு புயலில் அவர்கள் வழி தவறியதும் அந்தப் பக்கத்தில்தான். நாய்களுக்கு அது நினைவிருந்திருக்கலாம். மற்ற அணிகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோயின. அவர் பந்தயத்திலிருந்து விலகினார். அந்த ஆண்டு பீட் கைசர் 12 நிமிட வித்தியாசத்தில் வென்றார்.

ஓட்டத்துக்கு முன் நாய்கள் போடும் கூச்சலைக் காணொளியில் கேட்டவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு போகத் துடிக்கும் அவற்றைக் கிளம்பும் நேரம் வரை பிடித்து நிறுத்தவே பலர் தேவைப்படுகிறார்கள். ஆனால் ஓட ஆசைப்படுவதும் 1,600 கிலோமீட்டர் ஓட ஆசைப்படுவதும் ஒன்றல்ல என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். அடுத்த பதில் அதைப் பற்றித்தான்.

“நாய்கள் சாகின்றன என்கிறார்களே, உண்மையா?”

உண்மை. 2017-இல் ஐந்து, 2024-இல் மூன்று. சாவே நிகழாத ஆண்டுகளும் உண்டு. விலங்கு உரிமை அமைப்புகள் இந்தப் பந்தயத்தையே நிறுத்தச் சொல்கின்றன. அந்த அழுத்தத்தில் பெரிய நிறுவனங்கள் சில ஆதரவை விலக்கிக்கொண்டன. இதை மூடி மறைக்கும் ரசிகர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

மறுபக்கத்தையும் சொல்கிறேன். பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு நாய்க்கும் இதயப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் நடக்கின்றன. சாவடிதோறும் கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஓட்டி எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய மருத்துவக் குறிப்பேடு ஒன்று உண்டு. கடும் உழைப்பில் இந்த நாய்களுக்கு இரைப்பைப் புண் வருவதைக் கண்டுபிடித்து அதற்கு மருந்து கொடுக்கத் தொடங்கியது ஒரு பெரிய முன்னேற்றம். தளர்ந்த நாயை ஸ்லெட்டில் ஏற்றி அடுத்த சாவடியில் விட்டுவிடலாம். அங்கிருந்து அது விமானத்தில் திரும்பும். அதற்குப் பதிலாக வேறு நாயைச் சேர்க்க முடியாது. பதினாறோடு புறப்பட்டு பத்தோடு முடிப்பது சாதாரணம். ஐந்துக்குக் குறைந்தால் முடித்ததாகவே கணக்கில்லை. 2019 முதல் 2023 வரை பதினான்கு நாய்களுக்குத்தான் அனுமதி இருந்தது; 2024-இல் மறுபடி பதினாறு ஆக்கினார்கள். இடையில் குறைத்தது ஒரு நாய்க்குக் கிடைக்கும் கவனம் கூடட்டும் என்றுதான். இத்தனைக்குப் பிறகும் ஒரு சாவு ஏற்கத்தக்கதா? ‘இல்லை’ என்பவரை நான் வாதத்தில் வெல்ல முயல்வதில்லை.

“புயல் போக வேறென்ன ஆபத்து?”

பனிக்கட்டியின் மேல் தேங்கி, மெல்லிய பனி மூடிக் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் தண்ணீர். மைனஸ் 30-இல் முழங்கால் வரை நனைவது விளையாட்டு அன்று. பிறகு மூஸ் என்னும் ராட்சத மான். ஆழப்பனியில் நடக்கச் சலித்து அது கெட்டித் தடத்துக்கு வந்துவிடும். நாய்களைக் கண்டால் ஓநாய்க் கூட்டம் என்று எண்ணி மிதிக்கும். 1985-இல் ஒரு மூஸ் சூசன் புச்சரின் அணியில் இரண்டு நாய்களைக் கொன்றது. அவர் விலக நேர்ந்தது.

2024-இல் டாலஸ் சீவி தன் அணியைத் தாக்கிய மூஸைச் சுட்டார். உணவாகும் விலங்கைக் கொன்றால் வயிற்றைக் கீறிக் குடலை அகற்றி இறைச்சி கெடாமல் விட்டுச்செல்ல வேண்டும் என்பது விதி. அவர் அதைச் சரியாகச் செய்யவில்லை என்று இரண்டு மணி நேரத் தண்டம் விதித்தார்கள். அதையும் தாங்கி ஆறாவது முறையாக வென்றார். வேறு யாரும் ஆறு முறை வென்றதில்லை. மனிதர்களாலும் ஆபத்து உண்டு: 2016-இல் ஒருவர் ஸ்னோமொபைலால் இரண்டு அணிகள் மேல் மோதியதில் ஒரு நாய் இறந்தது.

“பெண்களுக்குத் தனிப் பிரிவா?”

இல்லை, ஒரே பிரிவு. 1985-இல் ஷாக்டூலிக்கில் புயலுக்கு அஞ்சி மற்றவர்கள் நின்றபோது லிபி ரிடில்ஸ் மட்டும் உறைந்த கடல் மேல் கிளம்பினார். இரவை ஸ்லெட் பைக்குள்ளேயே கழித்தார். வென்ற முதல் பெண் ஆனார். அடுத்த ஐந்து ஆண்டுகளில் நான்கு முறை சூசன் புச்சர் வென்றார். நாயைக் கவனிக்கும் நிதானமும் தூக்கத்தைத் துறக்கும் பிடிவாதமும் வேண்டிய விளையாட்டில் தோள்வலிமைக்கு அவ்வளவு மதிப்பில்லை.

“ஜெயித்தால் கோடீஸ்வரரா?”

சிரிப்புத்தான் வருகிறது. பல ஆண்டுகளாக முதல் பரிசு 50,000 டாலரைச் சுற்றியே இருந்தது. நுழைவுக் கட்டணமே 4,000 டாலர். அதோடு சில பத்து நாய்களுக்கு ஆண்டு முழுவதும் தீவனம், மருத்துவம், காலுறை, விமான மூட்டைகள். இலையுதிர் காலத்தில் பனியே இல்லாத தரையில் நான்கு சக்கர வண்டியை இழுக்க வைத்துப் பயிற்சி தொடங்கும். பந்தயத்துக்கு முன்பே அணி சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். அத்தனையும் செலவு. பலர் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஓட்டிக் காசு சேர்க்கிறார்கள். பல ஆண்டுகளாக முதல் இருபதுக்குப் பின்னால் முடிப்பவர்களுக்குக் கிடைத்தது தலா 1,049 டாலர்; முதல்முறை முடிப்பவர்களுக்கு ஓர் இடைவார்ப் பூட்டு.

2020-இல் வென்ற நார்வேக்காரர் தாமஸ் வார்னரின் கதை வேறு. பெருந்தொற்றால் விமானங்கள் நின்றுபோய், பரிசு வாங்கிய கையோடு நாய்களுடன் அலாஸ்காவிலேயே ஜூன் வரை மாட்டிக்கொண்டார். கடைசியில் நார்வே அருங்காட்சியகம் ஒன்று வாங்கியிருந்த ஒரு பழைய டிசி-6 விமானத்தில் நாய்களோடு ஊர் திரும்பினார்.

“அப்படியானால் என்னதான் கிடைக்கிறது?”

ஓட்டிகள் சொல்வதில் திரும்பத் திரும்ப வருவது இரவு ஓட்டம்தான். தலைவிளக்கை அணைத்துவிட்டால் ஸ்லெட்டின் உரசலும் நாய்களின் மூச்சும் மட்டும். மேலே வடதுருவ ஒளி. கூச்சல் போட்ட அதே நாய்கள் ஓடத் தொடங்கியதும் ஒரு குரைப்பு எழுப்பாது. முன்நாய் ஒருமுறை திரும்பிப் பார்க்கும், பிறகு ஓடும். குட்டியாகக் கையில் ஏந்திய நாய், நடுக்கடல் பனிப்புயலில் தனக்கு வழி கண்டுபிடித்துக் கொடுப்பதை அனுபவித்த ஒருவரிடம் போய் லாபக் கணக்குக் கேட்க எனக்கு மனம் வருவதில்லை.

“ஒரே நேரத்தில் இருவர் வந்தால்?”

1978-இல் நடந்தது. பதினான்கு நாட்களுக்கும் மேல் ஓடிய பிறகு டிக் மேக்கியும் ரிக் ஸ்வென்சனும் நோம் தெருவில் பக்கம் பக்கமாக வந்தார்கள். முதல் நாயின் மூக்கு கோட்டைத் தொட்டதுதான் கணக்கு என்று தீர்ப்பானது. மேக்கி ஒரு நொடியில் வென்றார்.

“கடைசியாக வருபவருக்கு எதற்கு விளக்கு?”

நோமின் முடிவு வளைவில் பந்தயம் தொடங்கும் நாளில் ஒரு விளக்கு ஏற்றப்படும். பழைய அஞ்சல் நாட்களில் ஓர் ஓட்டி தடத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால் அவர் வந்துசேரும் வரை வழியோர விடுதிகளில் விளக்கு எரியும். அதன் தொடர்ச்சி இது. கடைசி ஓட்டி வந்து அதை அணைப்பார். அவருக்குச் சிவப்பு விளக்கு ஒன்று பரிசு. கிண்டலாகத் தொடங்கிய வழக்கம் என்றாலும் இப்போது அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. கிளம்பியவர்களில் கணிசமானோர் முடிக்காமலே விலகும் பந்தயத்தில் கடைசி இடமும் ஓர் இடம்தான்.

“பணமும் நாயும் இருந்தால் யாரும் கலந்துகொள்ளலாமா?”

முடியாது. வயது 18 ஆகியிருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சிறிய நெடும்பந்தயங்களை, சில நூறு கிலோமீட்டர் நீளமுள்ளவற்றை, நல்லபடியாக முடித்துக் காட்டியிருக்க வேண்டும். கனடாவின் ஒயிட்ஹார்ஸுக்கும் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸுக்கும் இடையே 1984 முதல் நடந்த யூகான் குவெஸ்ட் இன்னும் கரடுமுரடானது. சாவடிகள் குறைவு, குளிர் அதிகம். லான்ஸ் மேக்கி, 1978-இல் வென்ற டிக் மேக்கியின் மகன், புற்றுநோயிலிருந்து மீண்டவர், 2007-இலும் 2008-இலும் சில வார இடைவெளியில் இரண்டு பந்தயங்களையும் வென்றார். அதற்கு முன் அது நடக்காத காரியம் என்றே எல்லோரும் நம்பினார்கள். ஐரோப்பாவில் நார்வேயின் ஃபின்மார்க்ஸ்லோப்பெட் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர்.

“பனியே குறைந்துகொண்டு வருகிறதே, இன்னும் எத்தனை நாள் நடக்கும்?”

சரியான இடத்தில் கை வைக்கிறீர்கள். மலைத்தொடரில் பனி போதாமல் 2003, 2015, 2017, 2025 ஆண்டுகளில் தொடக்கத்தை வடக்கே ஃபேர்பேங்க்ஸுக்கு மாற்றினார்கள். 2014-இல் மாற்றாமல் ஓட்டியதில் டால்செல் பள்ளத்தாக்கின் வெறும் பாறையிலும் மரவேரிலும் ஸ்லெட்டுகள் நொறுங்கின, எலும்புகள் முறிந்தன. கடலோரப் பனிக்கட்டியையும் முன்போல் நம்ப முடிவதில்லை. இன்னொரு பக்கம் ஆட்களும் குறைகிறார்கள்: 2023-இல் புறப்பட்டவை 33 அணிகள்தான், அதுவரை இல்லாத குறைவு. 2025-இலும் அதே 33. தீவன விலையும் பனிக் குறைவும் சேர்ந்து சிறிய நாய்க்கூடங்களை மூட வைக்கின்றன.

2016-இல் ஆங்கரேஜ் ஊர்வலத்துக்குத் தெருவில் போடப் போதிய பனி இல்லை. ஃபேர்பேங்க்ஸிலிருந்து ரயில் பெட்டிகளில் பனியை ஏற்றிக்கொண்டுவந்து கொட்டினார்கள். நாய்கள் அதன் மேல் ஓடின.